இருநூற்றுப் பதினாலு

சர்வேயர் சொன்னார்: கல் இல்லாமல்
நான் எங்கிருந்து சங்கிலி பிடிக்க?
கணக்கில் உங்களுக்கு மேய்க்கால் புறம்போக்கு இருக்கிறது,
அறுபத்திரண்டு ஏக்கர்.
தரையில் சாம்பல்தான் இருக்கிறது.
சொல்லிவிட்டு ஜீப்பின் படியில்
செருப்பை இரண்டு தடவை தட்டினார்.

வெள்ளையாகப் பறந்தது.

கல் எங்கே என்று எனக்குத் தெரியும்.
கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை.
அத்திப்பட்டிலிருந்து சாம்பல் குளம் வரைக்கும்
ஆறு வருஷம் அந்தக் குழாயோடு நடந்தவன் நான்.
ஒப்பந்தக் கூலி.
தோளில் கோணி, ரப்பர் பட்டை, இரும்புக் கவ்வி.
பிளந்த இடத்தில் பட்டையைச் சுற்றிக்
கவ்வியை முறுக்கிவிட்டு
நோட்டில் எழுத வேண்டும்: "சிறு கசிவு."
முழங்கால் அளவு குழம்பு
ஓடைக்குள் இறங்கிய ராத்திரியிலும்
அதையேதான் எழுதினேன்,
மேஸ்திரி கற்றுக்கொடுத்த இரண்டே வார்த்தை.
சம்பளம் ஒரு மாதமும் தவறியதில்லை.

அந்தக் கல்லுக்குத் தலை மட்டம்.
டிபன் டப்பா வைக்கத் தோது.
சாப்பிட்ட கையின் ஈரத்தால் துடைத்து
214 என்று படித்திருக்கிறேன்.
சுற்றிலும் எருமைகள் நிற்கும்,
என் சோற்றைக் கண்டுகொள்ளாமல்.
பிறகொரு ஐப்பசியில் குழாய் மூன்று இடத்தில் விட்டது.
கல் முங்கியது.
நான் டப்பாவைக் குழாய் மேலேயே வைத்துக்கொண்டேன்,
சூடாகவும் இருந்தது.

தேசராணியிடம்தான் போய்ச் சொன்னேன், இருட்டின பிறகு.
நோட்டு விஷயத்தையும் சேர்த்து.
இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.
"எத்தனை அடி இருக்கும்?" என்றாள்.
இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால்
அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன்.

மூன்று ஞாயிறு தோண்டினோம்.
சாம்பல் மண் மாதிரி இல்லை, வெட்டினால் நிற்காது.
வெட்டின குழிக்குள்
தானே சரிந்து வந்து படுத்துக்கொள்ளும்.
உடைந்த படகின் பலகைகளைக் கொண்டுவந்து
அண்டை கொடுத்தான் மரியசூசை.
சடையங்குப்பத்து எருமைக்காரர் கஜபதி,
பர்மா நகர்ப் பையன்கள் நாலு பேர்,
மூக்கில் கட்டின துணிக்கு மேலே
எல்லோருக்கும் ஒரே நரை.
முதல் குழி தப்பு.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
குழாய்த் தாங்கிகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.
முப்பத்தேழாவதுக்கு நேர் கிழக்கே,
என் கால்நடையில் இருபத்திரண்டு.

ஏழாவது அடியில்
கடப்பாறை ணங்கென்றது.
யாரும் கத்தவில்லை.
கஜபதி தலைத்துண்டை அவிழ்த்து எண்ணைத் துடைத்தார்,
கன்று ஈன்றதைத் துடைப்பதுபோல.
கல்லின் காலடியில் கரிய களி.
கையில் எடுத்தால் அழுகின முட்டை நாற்றம்.
ஓடைச் சேற்றின் அதே நாற்றம்.
ஒரு கை மாற்றி ஒரு கை வாங்கி
எல்லோரும் மோந்து பார்த்தோம்.
பர்மா நகர்ப் பொடியன் ஒருத்தன் மட்டும் முகம் சுளித்தான்,
அவன் பிறந்ததே சாம்பலுக்குப் பிறகு.

அப்புறம்தான் பலகை இடுக்கில்
நூலாகத் தண்ணீர் வந்தது.
நாக்கில் வைத்தேன், உப்பு.
தேசராணி மேலேயிருந்து எட்டிப் பார்த்து,
"எழுதிக்கோ" என்றாள்.

சர்வேயர் வந்தார். சங்கிலி பிடித்தார்.
அறுபத்திரண்டில் நாலு ஏக்கரை
முதலில் நீங்களே சுத்தம் பண்ணுங்கள் என்று தாளில் வந்தது.
மீதிக்கு வழக்கு நடக்கிறது.
கல்லை மேலே தூக்கி நட்டுவிடலாமே என்றோம்.
கூடாதாம்.
எல்லைக் கல்லை அசைத்தால் குற்றமாம்,
அது இருக்கிற இடத்தில்தான் இருக்க வேண்டுமாம்.

சரி என்று
தரையை இறக்கிக்கொண்டிருக்கிறோம்
அதன் மட்டத்துக்கு.
ஞாயிறு மட்டும், விடியலில் தொடங்கி வெயில் ஏறும்வரை.
செங்கல் சூளை லாரி வந்தால் ஏற்றுகிறோம்,
வராவிட்டால் குவிக்கிறோம்.
இந்த வாரம் கோணி பற்றவில்லை.